பத்துப் பாகத்தில் ஒரு மண்வாரி

செருதூர் முகத்துவாரம் தாண்டி முக்கால் மணி நேரம்.
அஞ்சப்பன் எஞ்சினை அணைத்தார்.
ஈயம் கட்டிய கயிற்றை இறக்கி
விரித்த கைகளால் அளந்தபடி இழுத்து
'பத்துப் பாகம்' என்றார்.
'இங்கதான் கெடக்கு உங்க கப்பல்.'

உங்க என்ற சொல்லில்
நாற்பதாயிரம் ரூபாய் வலை ஒன்று சிக்கியிருந்தது.
ஐப்பசியில் விட்டது.
அரசாங்கம் கப்பலை மூழ்கடித்துப் பார் ஆக்கியதை
அவருக்கு யாரும் சொல்லவில்லை,
அல்லது சொன்ன அன்று
அவர் கடலில் இருந்தார்.
'கண்டா அறுத்துக்கிட்டு வா பாப்பா.
ஈயமாவது தேறும்.'

பெலிக்ஸும் நானும் முதுகு காட்டி விழுந்தோம்.

மாசிக் கடல். தெளிவு என்று சொல்லலாம்,
நீட்டிய கை தெரியும்,
கைக்கு அப்பால் பெலிக்ஸ் பாதி தெரிவான்.
மணிக்கட்டில் மாரியம்மன் கயிறு
ஐந்தாம் பாகத்தில் பழுப்பாகி
எட்டாம் பாகத்தில் யாருடையதோ ஆனது.

கப்பல் கப்பலாகத் தெரியவில்லை.
முதலில் நீர் கொஞ்சம் கெட்டியானது.
பிறகு ஒரு சுவர்.
கொட்டலசு தின்று தீர்த்த பெயரில்
'னி' மட்டும் மிச்சம்.

முப்பது வருஷம் நாகப்பட்டினத் துறைமுக வாயில்
மண் அள்ளிக்கொண்டே இருந்த கப்பல்.
அள்ளிய வாளிகள் இன்னும் சங்கிலியில்
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்து கிடக்க
வாளிக்கு ஒரு கலவாய்,
வாடகை பாக்கி இல்லாத முகத்தோடு.
புகைக்குழாயில் அஞ்சாளை
வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.
ஸ்லேட்டில் எழுதுகிறேன்:
செப்பிலி இருபத்து மூன்று.
சங்கரா ஒன்பது.
ஊளி, எண்ணும்போதே
இரண்டுமுறை என்னைச் சுற்றிவிட்டது.
இருநூறு என்று போட்டேன்.
பெலிக்ஸ் எட்டிப் பார்த்து
முந்நூறு என்று விரல் காட்டினான்.
இருநூற்றைம்பது.

இயந்திர அறைக்குள் முழங்கால் ஆழம் வண்டல்.
கையுறையைக் கழற்றி விரலை விட்டேன்.
நான் வெண்ணாற்றங்கரைக்காரி.
இந்த வழுவழுப்பை
கால்விரல் இடுக்கு முதலில் அறிந்தது,
பிறகுதான் நான்.
கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று
அப்பா மறியலில் உட்கார்ந்த வருஷமும்
ஆறு எப்படியோ
யார் வரப்பையோ கரைத்து எடுத்துக்கொண்டு
இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.
கப்பல் ஒன்றும் செய்யாமல்
மடியில் வாங்கிக்கொண்டிருக்கிறது.

வலை மேல்தளத்தில் இருந்தது.
பாதி நீவாட்டில் ஆடியது, இன்னமும் வேலை நேரம் போல.
அதில் ஒரு பாறையின் முள்,
ஓடு மட்டும் ஆன நண்டுகள்,
அன்று காலைதான் மாட்டிய ஒரு கிழங்கான்.
கத்தியை எடுத்து ஆடிய பாதியை அறுத்தேன்.
கிழங்கான் நன்றி சொல்லவில்லை, போய்விட்டது.

மீதிப் பாதி சுழல் உருளையோடு ஒட்டிக் கிடந்தது.
தூக்கினால்
அடியில் கருந்திராட்சைக் கொத்துகள்.
கணவாய் முட்டை.
விளக்கை ஒன்றன் பின்னால் பிடித்தேன்.
மிளகு அளவு கண்
வெளிச்சத்துக்குத் திரும்பிக்கொண்டது.

பெலிக்ஸ் கட்டைவிரலை மேலே காட்டினான்.
காற்று அறுபது.
கத்தியை உறையில் வைத்தேன்.

பதினொரு ஈயக்குண்டு, பத்து முழம் கிழிந்த வலை.
அஞ்சப்பன் எடைபோடுவது போலக் கையில் உருட்டினார்.
'மீதி?'
பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.
'கணவாய் முட்டை வச்சிருக்கு, அதான் விட்டுட்டேன்.'
'எவ்வளவு?'
'எண்ணல.'
'எப்பப் பொரியும்?'
'பங்குனி நடுவுல இருக்கும்.'

அவர் பதில் சொல்லவில்லை.
மேற்கே திரும்பி
வேளாங்கண்ணிக் கோபுரத்தை எதனோடோ நேர்வைத்தார்,
பிறகு வடக்கே நாகை விளக்கை,
கண்ணை இடுக்கி,
ஒருமுறைக்கு இருமுறை.
இடத்தை மனசில் குறிக்கிறார்.
நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

எஞ்சின் மூன்றாம் இழுப்பில் பிடித்தது.
கயிறு மறுபடி சிவந்திருந்தது.
ஸ்லேட்டில் முட்டைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், அலை ஆட்டிய கையெழுத்தில்,
எழுதத் தொடங்கினேன்.